தொட்டி லாட்ஜில் பன்னிரண்டு சாவிகள்

ஓட்டல் தொழில் என்பது, முன்பின் தெரியாதவர்களுக்குத் தலையணை உறை மாற்றிப் போட்டுவிட்டு, அந்தத் தலையணை சரியில்லை என்று அவர்கள் சொல்வதைச் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொள்ளும் தொழில். வரவேற்பு மேசைக்குப் பின்னால் நீங்கள் எப்போதாவது நின்றிருந்தால் இதற்கு மேல் படிக்கத் தேவையில்லை, எல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனாலும் படியுங்கள். பட்டவர்களுக்கு இன்னொருவர் பட்டதைக் கேட்பதில் ஒரு சுகம் உண்டு.

நான் பட்டது கள்ளக்குறிச்சியில். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் ஊருக்கு ஊர் பற்றிக்கொண்டிருந்த காலம். கச்சிராயபாளையம் சாலையில் அரிசி ஆலை வைத்திருந்த ஏழுமலை, மனைவியின் கண் வைத்தியத்துக்காகப் பெங்களூர் போனார். தங்கியது ஒரு சின்ன ஓட்டலில். சின்னதுதான், ஆனால் ஒவ்வோர் அறையும் ஒவ்வொரு தினுசு. மனைவிக்குக் கண் தெளிந்தது, இவருக்குக் கண் மயங்கிவிட்டது. அந்த ஓட்டலை வடிவமைத்தவரையே பிடித்து வந்து, பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் பன்னிரண்டு அறைகளோடு ஒன்றை எழுப்பினார். ‘நிலா மாடம்’ என்று பெயர் வைத்தவள் நான். ஊரில் ஒருவர் வாயிலும் அந்தப் பெயர் நுழையவில்லை. குளியலறையில் படுக்கிற நீளத்துக்கு ஒரு தொட்டி இருந்ததால் எல்லோருக்கும் அது தொட்டி லாட்ஜ்.

கல்லூரியில் தமிழ் படித்த நான் அங்கே வந்த கதை சிறியது. கணவர் சேலத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அண்ணன் வீட்டில் எனக்கு இடம் இருந்தது, அண்ணியின் முகத்தில் இல்லை. ஏழுமலை மேசை வேலையும், மேசைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையும் கொடுத்தார். நாற்பதை நெருங்கும் வயதில், உள்தாழ்ப்பாள் என் கையில் இருந்த முதல் அறை அது. மூக்குக் கண்ணாடியையும் கைத்தறிப் புடவையையும் பார்த்து ஊரார் என்னை டீச்சரம்மா ஆக்கிவிட்டார்கள்.

முதலாளியின் மைத்துனர் சுந்தரத்துக்கு ஓட்டலே பிடிக்கவில்லை. அவருக்கு ஜவ்வரிசி வியாபாரம், மூட்டை அடுக்க இடம் வேண்டும். திறந்து சில மாதங்கள் பாதி அறைகள் காலியாகவே கிடக்க, அவர் நச்சரிப்புத் தாங்காமல் ஒரு நாள் முதலாளி என் மேசை முன்னால் நின்று தீர்ப்புச் சொன்னார்: “தீவாளி வரைக்கும் பாக்கறேன் சுந்தரம். அதுக்குள்ள ஒரே ஒரு நாளாச்சும் பன்னெண்டு ரூமும் ஒண்ணா நெறையட்டும். நெறஞ்சா இது ஓட்டலு. இல்லன்னா உன் மூட்டைய அடுக்கிக்கோ.”

வெளியே செருப்பு, உள்ளே அமைதி

ஓட்டலை வடிவமைத்த பெங்களூர்க்காரர் முகப்பறையில் வெள்ளைச் சலவைக்கல் பதித்திருந்தார். நடுவில் ஒரு வெண்கல உருளி, அதில் தண்ணீர், தண்ணீரில் பூ. மூலையில் ஒரு மங்கலான விளக்கு. பளிச்சென்ற வெளிச்சம் இருந்தால் மனம் அடங்காது என்பது அவர் கொள்கை. அவ்வளவு வெள்ளைத் தரையில் செருப்புக் காலை வைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் படியிலேயே கழற்றிவிட்டு, கால் கூச, ஓரமாக வந்து உட்கார்ந்தார்கள். அந்த விளக்கு வெளிச்சத்தில் சத்தமாகப் பேசவும் தோன்றாது. சாவி கைக்கு வரும் வரை மடியில் கையை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருப்பார்கள்.

ஒரு நாள் மதியம் வழக்கு விசாரணைக்கு வந்த கூட்டம் ஒன்று அப்படி உட்கார்ந்திருந்தது. தெருவோடு போன ஒருவர் வாசலில் குவிந்த செருப்புகளைப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, உருளிக்கு ஒரு கும்பிடு போட்டு, சுவரோரம் போய் உட்கார்ந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, பெருமூச்சு விட்டுக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டார்: “எப்பம்மா எடுக்கறாங்க?”

சுவரில் ஏர்

அறைக்கு ஒரு தினுசு என்றேன் அல்லவா. ஓர் அறையில் சுவர் முழுக்க முறம். இன்னொன்றில் மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கவலைச் சால். ஐந்தாம் அறையில், கட்டிலுக்கு நேர் எதிரே, ஒரு முழு ஏர்க்கலப்பை. கண் விழித்ததும் மண்ணின் ஞாபகம் வர வேண்டுமாம். யாருக்கு வர வேண்டும் என்பதைப் பெங்களூர்க்காரர் யோசிக்கவில்லை. எங்களிடம் தங்க வந்தவர்கள் எல்லாம் சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் அன்று காலை வரை மண்ணில் நின்றவர்கள்.

சின்னசேலம் பக்கத்து விவசாயி ஒருவர், பங்காளி வழக்குக்காக வந்தவர், ஐந்தாம் அறைச் சாவியை வாங்கிப் போனார். சற்று நேரத்தில் மாடியில் தடதடவென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், கலப்பையைச் சுவரிலிருந்து இறக்கி, வெளியே நடையில் சாத்திவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். அலங்காரத்துக்காக வைத்ததுங்க, பெங்களூரிலிருந்து வந்தவர் மாட்டியது என்றேன். அவர் கோபப்படவில்லை. களைத்துப் போன குரலில் சொன்னார்: “இத்தப் பாக்காம ஒரு ராத்திரி தூங்கலாம்னுதானேம்மா நான் காசு குடுத்து இங்க வந்தேன்.”

தொட்டி

குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். அந்த ஊரில் ஆள் படுத்துக் குளிக்கத் தொட்டி கட்டியதை, பெங்களூர்க்காரரின் நெஞ்சுறுதி என்றுதான் சொல்ல வேண்டும். அறைகளைக் கூட்டிப் பெருக்கும் பூங்காவனம் முதல் வாரத்திலேயே அதற்கு ஒரு வழி கண்டாள். தண்ணீர் வரும் நாளில் பன்னிரண்டு தொட்டிகளையும் விளிம்பு வரை நிரப்பினாள். தச்சரிடம் சொல்லி மேலே பலகை மூடி போட்டாள். மூடி மேல் ஒரு சொம்பு. விருந்தாளிகள் தொட்டிக்கு வெளியே குந்தி, மொண்டு மொண்டு குளித்தார்கள். எல்லோருக்கும் நிம்மதி.

படம் எடுத்துப் போக வந்த பெங்களூர்க்காரர் பலகையைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போது அந்த அறையில் தங்கியிருந்தது ஒரு வக்கீல் குமாஸ்தா. அவரிடமே, தொட்டிக்குள் கால் நீட்டிச் சாய்ந்து, கழுத்து வரை வெந்நீரில் கிடப்பது எப்பேர்ப்பட்ட சுகம் என்று கண்ணை மூடிக்கொண்டு விளக்கினார். குமாஸ்தா மரியாதையாக முழுவதும் கேட்டார். பிறகு பலகையைத் தூக்கித் தண்ணீரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் மூடினார். “படுத்த எடத்துல குளிக்க எனக்கு இன்னாங்க, காலா ஒடஞ்சி பூடுச்சி?”

இருட்டில் ரசம்

சமையலுக்குப் புதுச்சேரியிலிருந்து அந்தோணி வந்திருந்தார். பெரிய வீடுகளில் சமைத்தவர். எதைச் சமைத்தாலும் தட்டின் ஓரத்தில் ஒரு கொத்தமல்லி இலையை நிறுத்தி வைப்பார், அது சாய்ந்தால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மாலை ஆனால் சாப்பாட்டுக் கூடத்தில் மின்விளக்கு கிடையாது. மேசைக்கு மேசை மெழுகுவர்த்தி. முதலில் வடிகட்டிய காய்கறிச் சாறு ஒரு சின்னக் கிண்ணத்தில் வரும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மற்றது.

எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம் பொழுது சாய்கிற நேரத்தில் சாப்பிட உட்கார்ந்தது. சாறு வந்தது. நால்வரும் வலது கையால் கிண்ணத்தை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். சாப்பிடும்போது விளக்கு அணைந்தால் இலையைக் கையால் மூடிக்கொண்டு, திரும்ப வெளிச்சம் வரும் வரை ஒரு வாய்கூட எடுக்காமல் காத்திருப்பது நம் பக்கத்து வீடுகளில் வழக்கம். அந்தோணிக்கு அது தெரியவில்லை. அவர் சமையலறைக் கதவு வழியே எட்டி எட்டிப் பார்த்தார். இவர்கள் மேலே மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள். அதுவோ நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் வீட்டுக்காரர் எழுந்து என்னிடம் வந்தார்: “கரண்டு வரல, காத்தாடி சுத்துது. சோறு வரல, ரசம் வந்துடுச்சி. ஏம்மா, ஓட்டலு இன்னும் கட்டிக்கினு இருக்கீங்களா?”

அன்னம்

துண்டை மடித்து அன்னமாக்கிக் கட்டில் மேல் வைக்கப் பெங்களூர்க்காரர் எனக்குக் கற்றுக் கொடுத்திருந்தார். அந்த வேலையில் மட்டும் எனக்குக் கர்வம் உண்டு. கழுத்தை எந்த இடத்தில் வளைத்தால் அது எதையோ இழந்த பறவைபோல் இருக்கும் என்பது எனக்குப் பழகியிருந்தது. மழைக்கு முன் கல்வராயன் மலை நீலமாகிக் கிட்டே வந்து நிற்கும் மாலைகளில், மாடியில் உட்கார்ந்து நான் மடித்த அன்னங்களைப் பார்த்தால் எனக்கே தொண்டை அடைக்கும். பூங்காவனத்துக்கு அடைக்காது. “இதுங்கள முட்டை போடச் சொல்லு, அந்தோணிக்காச்சும் ஆவும்” என்பாள்.

ஒரு நாள் காலை வயதான ஒருவர், ஈர வேட்டியோடு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, சலவைக்கல் முகப்பில் வந்து நின்றார். அறையில் துண்டு இல்லையா என்று பதறினேன். இருக்கிறது, ஆனால் மனைவி தொடவிடவில்லை என்றார். யாரோ மெனக்கெட்டுச் செய்திருக்கிறார்கள், கலைத்தால் மனசு கஷ்டப்படும் என்று அந்த அம்மாள் அதைத் தலையணை மேல் ஏற்றி உட்கார வைத்து, காற்றுப் படாமல் போர்வையும் போர்த்தியிருக்கிறார். நான் பாராட்டில் நனைந்து நின்றேன். அவர் குளிரில் நனைந்து நின்றார். “வாத்து இல்லாத துண்டு ஒண்ணு இருந்தா குடும்மா.”

மூட்டையின் நற்குணங்கள்

சுந்தரம் அவ்வப்போது அளவு நாடாவோடு வருவார். விருந்தாளி இல்லாத அறைகளைத் திறக்கச் சொல்லி, நீளம், அகலம் பார்த்து, எத்தனை வரிசை அடுக்கலாம் என்று வாய்க்குள் முணுமுணுப்பார். முறம் மாட்டிய சுவரைத் தட்டிப் பார்த்து, ஈரம் இழுக்குமா என்று கேட்பார். மோசமான மனிதர் என்று சொல்ல முடியாது. வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பொட்டலம் பக்கோடா வாங்கி வருவார். அதைத் தின்றுகொண்டே நான் என் வேலை போவதை வேடிக்கை பார்ப்பேன்.

ஒரு நாள் மேசைக்குப் பின்னால் இருந்த என் அறைக்குள்ளும் தலையை நீட்டினார். என் கொடியில் காய்ந்த புடவை, ஜன்னலோரம் நான்கு புத்தகங்கள், ஒரு சின்னக் கண்ணாடி. இது எதற்கு ஆகும் என்று நானே கேட்டேன். காலிச் சாக்கும் எலி மருந்தும் வைத்துக்கொள்ளலாம் என்றார். என் முகம் மாறியதைப் பார்த்து அவருக்கே சங்கடமாகிவிட்டது. சமாதானமாக, வியாபாரத்தின் உள்விஷயத்தை எனக்குச் சொல்லித் தருகிற மாதிரி சொன்னார்: “மனுசாள வச்சிக்கினு எவ்ளோ ரோதனை பாருங்க. மூட்ட எதுவும் சுடுதண்ணி கேக்காது டீச்சரம்மா.”

திருக்கோவிலூர் சம்பந்தம்

ஆவணியில் எனக்கு நல்ல காலம் வந்ததுபோல் இருந்தது. திருக்கோவிலூர் மாப்பிள்ளை வீட்டார், கள்ளக்குறிச்சியில் பெண் எடுக்கிறவர்கள், பன்னிரண்டு அறையும் வேண்டும் என்று முன்கூட்டியே ஆள் அனுப்பினார்கள். இரண்டு வேனில் வருகிறார்களாம். நான் முதலாளிக்குச் சொல்லி அனுப்பினேன். அன்னங்கள் மடித்தேன். அந்தோணி கொத்தமல்லிக்கு ஆள் அனுப்பினார். பூங்காவனம் வாசலில் அகலமாகக் கோலம் போட்டாள்.

வந்தார்கள். பன்னிரண்டு சாவியையும் கை நிறைய வாங்கினார்கள். சற்று நேரத்தில் ஒன்பது சாவி மேசைக்குத் திரும்பி வந்தது. ஓர் அறையில் மாப்பிள்ளை, ஓர் அறையில் வரிசைத் தட்டுகள், ஓர் அறைத் தொட்டியில் வாழை இலைக் கட்டு. மற்ற எல்லோரும், மாமன், மச்சான், சித்தி, பெரியம்மா, கைக்குழந்தைகள் உட்பட, மொட்டை மாடியில் ஒரே ஜமக்காளத்தில் வரிசையாகப் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி வந்து, சாவிப் பலகையில் தொங்கிய ஒன்பது சாவிகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் மாடிக்குப் போய், மாப்பிள்ளையின் பெரியம்மாவிடம், எல்லோருக்கும் தனித்தனி அறை இருக்கிறதே, மெத்தை இருக்கிறதே, விசிறி இருக்கிறதே என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அந்த அம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “தனித்தனியா போயி படுத்துக்க, நாங்க இன்னா சண்ட போட்டுக்கினா வந்திருக்கோம்?”

புளியமரம் படுத்த நாள்

புரட்டாசி. தீபாவளி கண்ணுக்குத் தெரிகிற தூரம். போராட்டக்காரர்கள் சாலை மறியல் அறிவித்திருந்தார்கள். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். சேலம் சாலை அடைபட்டது, திருக்கோவிலூர்ச் சாலை அடைபட்டது, கச்சிராயபாளையம் டவுன் பஸ்கூட நின்றது. வழியில் மாட்டிய பேருந்துகள் எப்படியோ ஊருக்குள் வந்து ஒதுங்க, அவற்றிலிருந்து இறங்கிய சனம் பெட்டியும் படுக்கையுமாகத் தெருத்தெருவாக இடம் தேடியது. மற்ற லாட்ஜுகள் நிறைந்து வழிந்த பிறகு, மாலையில், எங்கள் வாசலுக்கு வந்தது. அன்று யாரும் செருப்பைக் கழற்றவில்லை. சலவைக்கல் முதல் முறையாகத் தரையானது.

நான் சாவிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு ஒரே சந்தோஷம். ஊர் பற்றி எரிகையில் சந்தோஷப்பட்டவள் என்று நினைப்பீர்கள். பலகையில் சாவி குறையக் குறைய எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. முகப்பறையில் ஒரே பேச்சு: யாருக்கு எத்தனை சதவீதம், யார் பங்கை யார் தின்றது, எத்தனை வருஷமாகத் தின்றது. ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். சமையலறையில் இருந்தது ரவை மட்டும். அந்தோணி அண்டா நிறைய உப்புமா கிண்டி, ஆளுக்கொரு கரண்டி வைத்து, பழக்க தோஷத்தில் மேலே ஒரு கொத்தமல்லி இலையை நிறுத்தினார். சதவீதக் கணக்கில் குரல் உயர்த்திக்கொண்டிருந்த ஒருவர் தன் தட்டைப் பார்த்தார், பக்கத்துத் தட்டைப் பார்த்தார், அந்தோணியைக் கூப்பிட்டார்: “இன்னாய்யா, அவருக்கு ஜாஸ்தி, எனக்கு கம்மி?”

பன்னிரண்டாவது சாவி

பதினோரு சாவி போய்விட்டது. ஒன்று தொங்கியது. வாசலில் இன்னும் ஒரு கூட்டம் நின்றது. சாவியைக் கையில் எடுத்து நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். படியின் ஓரத்தில், சுவரை ஒட்டி, ஒரு புருஷன் பெண்டாட்டி. அவள் தோளில் ஒரு பெண் குழந்தை, தலை தொங்கிக் கிடந்தது. மாலையில் முதல் ஆள் உள்ளே வந்தபோதே அவர்கள் அங்கே நின்றார்கள். நான்தான் பார்க்கவில்லை. அன்று எங்கள் வாசலில் செருப்பைக் கையில் வைத்திருந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

“எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?” என்றேன்.

“மொத பஸ்ஸுல வந்தவங்கம்மா நாங்க” என்றான் அவன். “கூலி வேல செய்யறவங்க. பாப்பாவுக்கு ஜொரம், சேலம் பெரியாஸ்பத்திரியில காட்டிட்டு வர்றோம். எல்லாம் போவட்டும்னு நின்னோம்.”

இதை விளக்க வேண்டியதில்லை. கூட்டம் என்று ஒன்று வந்தால் ஒதுங்கி நின்று எல்லோரையும் முன்னால் போகவிட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அவர்களும் கற்றிருக்கிறார்கள். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்று, முதலில் வந்தவருக்கு முதல் அறை. ஏற்கெனவே பதினோரு முறை அதை மீறிவிட்டேன். சாவியை நீட்டினேன்.

மூன்றாம் அறைக்காரர் மாடிப்படியில் இருந்து இறங்கி வந்தார். திருக்கோவிலூர்ப் பக்கம் நிலபுலன் உள்ள பெரிய மனிதர், விரலில் கல் மோதிரம். பின்னால் மற்ற அறைக்காரர்கள் சிலர். “இன்னாம்மா இது, யாரு எவருன்னு பாத்துக் குடுக்கறதில்லையா?” என்றார்.

“பாத்துட்டுத்தாங்க குடுக்கிறேன். முதல்ல வந்தவங்க.”

“அதெல்லாம் சரிப்படாது. அவங்க இங்க தங்கறதா இருந்தா நாங்க எல்லாரும் எறங்கிடுவோம். பதினோரு ரூமும் காலியாவும். அப்பறம் நீ இன்னா பண்ணுவியோ, பண்ணிக்கோ.”

பின்னால் தலைகள் ஆடின. சற்று முன் பங்குக் கணக்குச் சொன்ன தலைகளும் அவற்றில் இருந்தன. அந்தப் பெண், குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு, “வாய்யா போலாம்” என்று புருஷனின் கையைத் தொட்டாள். நான் வீராங்கனை இல்லை. பலகையில் மறுபடியும் பதினோரு சாவிகள் வந்து தொங்குவதும், என் கொடி இருந்த இடத்தில் சாக்கு தொங்குவதும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கையை மட்டும் நீட்டினேன். “சரிங்க. சாவியக் குடுத்துடுங்க.”

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான். அந்த நேரம் பார்த்து, துடைப்பத்தோடு நின்றிருந்த பூங்காவனம் வாசல் பக்கம் திரும்பி, சந்தைக் குரலில் கூவினாள். “மூணாம் நம்பரு காலியாவுதாம், யாருக்கு வேணும்?”

வாசல் கூட்டம் அப்படியே உள்ளே வந்தது. ஒருவர் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, நாலாம் நம்பரும் காலியா என்று கேட்டார். மாடிப்படியில் நின்ற தலைகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கி அறைக்குள் போயின. கதவுகள் சாத்தப்படும் சத்தம் வரிசையாகக் கேட்டது. மூன்றாம் அறைக்காரரின் கைக்குப் பக்கத்தில் யாரோ ஒரு கையை நீட்ட, அவர் சாவியை உள்ளங்கையில் இறுக்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். “சாவியக் குடுக்கறேன்னு யாரு சொன்னா? ஒரு பேச்சுக்குச் சொன்னா அத்தப் புடிச்சிக்கறதா?”

இது கணக்கில் வருமா

மறுநாள் காலை முதலாளியும் சுந்தரமும் நடந்தே வந்தார்கள். சாலை அடைபட்டிருந்ததால் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே, வாய்க்கால் கரை வழியாக. ஓட்டலை யாராவது கொளுத்திவிட்டார்களோ என்று ஒருவருக்குப் பயம். இன்னொருவருக்கு என்ன எண்ணமோ, நான் கேட்கவில்லை. இருவருக்கும் முழங்கால் வரை சேறு. சுந்தரத்தின் காதில் கரும்புத் தோகை கீறிய கோடு. அந்த நிலையிலும் பக்கோடாப் பொட்டலம் கொண்டு வந்திருந்தார், நசுங்கிப் போயிருந்தது.

நான் சாவி ஒன்றும் தொங்காத பலகையைக் காட்டினேன். முதலாளி மாடிக்குப் போனார். நடை முழுக்க ஈரத் துணி. பன்னிரண்டாம் அறை வாசலில் அந்தப் பெண் உட்கார்ந்து குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள், காய்ச்சல் இறங்கியிருந்தது. எதிரே மூன்றாம் அறைக்காரரின் மனைவி கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, அவர்களைப் பார்க்காத மாதிரி பார்த்தபடி, “வயித்துல ஒண்ணும் இல்லாம மாத்திரை குடுக்காத” என்று சுவரிடம் சொன்னார். முதலாளி ஒவ்வோர் அறையாகப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, படியில் உட்கார்ந்து காலைக் கழுவினார்.

சுந்தரத்துக்குப் பொறுக்கவில்லை. “மாமா, இது கணக்குல வராது, சொல்லிட்டேன். ரோட்ட மறிச்சிப் போட்டா எந்தக் கொட்டாயும்தான் நெறையும். போவ வழி இருந்திருந்தா இதுல ஒருத்தனாச்சும் இங்க தங்கியிருப்பானா, நீயே சொல்லு.”

அவர் சொன்னதில் தப்பும் இல்லை. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். முதலாளி அவசரப்படவில்லை. விரலிடுக்கில் இருந்த சேற்றைச் சொம்புத் தண்ணீரால் கழுவினார், ஒரு கால் முடிந்து மறு காலுக்கு வந்தார், துண்டால் துடைத்தார். பிறகு மைத்துனரை நிமிர்ந்து பார்த்தார். “வழி இருக்கறவன் அவன் வூட்டுக்குப் போயிடுவான் சுந்தரம். போவ வழி இல்லாதவன் வந்து தங்கத்தானடா ஓட்டலு கட்டறது. நீ மூட்டைக்கு வேற எடம் பாரு.”

அவர் சொன்ன அந்தக் கணக்குப்படி பார்த்தால், ஓட்டல் நடந்த காலம் முழுக்க ஒரு நாள்கூடக் காலியாகாமல் நிறைந்திருந்த ஒரே அறை என்னுடையதுதான்.